பதினாறு வயதுக்கு ராத்திரி பிந்தித்தான் வரும்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் தினமும் இரண்டு சண்டை நடக்கும். ராத்திரி 11.30க்கு ‘இன்னும் படுக்கலையா?’ என்று ஒன்று. காலை 5.30க்கு ‘இன்னும் எழுந்திருக்கலையா?’ என்று இன்னொன்று. இரண்டிலும் திட்டு வாங்குவது ஒரே ஆள்தான். சோம்பேறித்தனம், செல்போன், பொறுப்பில்லாமை என்று காரணங்களும் தயாராக இருக்கும். இன்றைய பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுப்பவை என்று பெரியவர்கள் போடும் பட்டியலில் செல்போன் வரும், கூட்டாளிகள் வருவார்கள், சினிமா வரும், போதைப்பொருள் வரும். தூக்கக் குறைவு வராது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஏனென்றால், அந்த இரண்டு சண்டைக்கும் அடியில் இருப்பது பிள்ளையின் குணமல்ல, உடலில் நடக்கும் ஒரு மாற்றம். கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சி அதை விடாப்பிடியாகச் சொல்லிவருகிறது.

1976 கோடையில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்கத்துக்கென்றே ஒரு முகாம் தொடங்கினார்கள். தூக்க ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் டிமெண்டும், அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த மேரி கார்ஸ்கடனும் அதன் பின்னால் இருந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். பகலில் விளையாட்டு; இரவில் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு பத்து மணி நேரம் படுக்கை. அதே பிள்ளைகளை அடுத்தடுத்த கோடைகளிலும் வரவழைத்தார்கள். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அந்த இறக்கம் எந்த வயதில், எவ்வளவு என்று அளந்துவிடலாம் என்று நினைத்தார்கள். இறக்கமே தென்படவில்லை. பத்து வயதில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் தூங்கிய பிள்ளை, பதினாறு வயதிலும் அவ்வளவே தூங்கியது. அதைவிட வியப்பாக, பருவம் எட்டிய பிள்ளைகள் அதே அளவு தூங்கிய பிறகும் பகலில் முன்பைவிட அதிகமாகச் சொக்கினார்கள்.

பதின்பருவத்தில் தேவை குறைவதில்லை என்று இதிலிருந்து தெரிந்தது. ஆனால் வீடுகளில் பார்த்தால் பதின்பருவத்துப் பிள்ளைகள் நேரம் கழித்துப் படுக்கிறார்களே, அது ஏன்? பிற்பாடு பிரவுன் பல்கலைக்கழகத்துக்குப் போன கார்ஸ்கடன் அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். வெளி உலகின் வெளிச்சமே இல்லாமல் அடைத்து வைத்தாலும் அது ஓடும். பெரியவர்களிடம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி 11 நிமிடம் எடுத்துக்கொள்ளும். தினமும் அந்தக் கொசுறு நிமிடங்களைக் கழித்து நேரத்தைச் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். இருட்டத் தொடங்கியதும் இந்தக் கடிகாரம் பீனியல் சுரப்பிக்குச் சொல்லி அனுப்ப, மெலட்டோனின் ரத்தத்தில் ஏறுகிறது. மெலட்டோனின் தூக்க மருந்தல்ல. உடலுக்கு ‘ராத்திரி வந்தாயிற்று’ என்று சொல்லும் அறிவிப்பு. அது ஏறத் தொடங்கி ஓரிரண்டு மணி நேரத்தில் தூக்கம் இயல்பாக வரும்.

இதை அளப்பதற்கு ஊசி வேண்டாம், எச்சில் போதும். பிள்ளைகளை மங்கலான அறையில் உட்கார வைத்து, மாலையிலிருந்து அரைமணிக்கொருமுறை எச்சில் மாதிரி எடுப்பார்கள். வெளிச்சம் சற்றுக் கூடினாலும் மெலட்டோனின் அடங்கிவிடும் என்பதால் அறைக்கு உள்ளே வருகிறவர் விளக்கைப் போட்டுவிடக் கூடாது. அப்படி வரிசையாக எடுத்த மாதிரிகளில்தான் விஷயம் பிடிபட்டது. பருவமாற்றம் முன்னேற முன்னேற, மெலட்டோனின் ஏறும் நேரம் பிந்திக்கொண்டே போகிறது. சிறுவயதோடு ஒப்பிட்டால் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரைகூடப் பிந்துகிறது. எட்டு வயதில் ஒன்பது மணிக்குச் சாய்ந்த பிள்ளைக்குப் பதினாறில் பதினொரு மணி வரை ராத்திரியே தொடங்குவதில்லை. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தூக்கம் வருவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில்தான் கடிகாரம் நம்மை நன்றாக விழிக்க வைத்திருக்கும். நாளெல்லாம் சேர்ந்த அசதியை எதிர்த்து அது கடைசியாக ஒருமுறை முட்டுக்கொடுக்கிறது. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்து ‘கண்ணை மூடு’ என்று பதினாறு வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்தால், அது உடல் விழித்திருக்கும் நேரத்தின் உச்சியில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடிகாரத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருட்கள் சேரச் சேர, தூங்க வேண்டும் என்ற அழுத்தம் கூடுகிறது. கடிகாரம் ஒன்று, இந்த அழுத்தம் ஒன்று என இரண்டும் சேர்ந்துதான் நம் தூக்கத்தை நடத்துகின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். சிறு பிள்ளைகளிடம் அந்த அழுத்தம் விரைவாக ஏறும். கல்யாண வீட்டில் எட்டு மணிக்கே மடியில் விழுந்து தூங்குவது அதனால்தான். பருவம் எட்டிய பிறகு அது மெதுவாக ஏறுகிறது. ஆக, விழித்திருக்க முடிகிற நேரம் நீள்கிறது, கடிகாரமும் பிந்துகிறது. தேவைப்படும் தூக்கத்தின் அளவோ அப்படியே இருக்கிறது. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் என்பதுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் வகுத்துச் சொன்ன அளவு.

எல்லாம் செல்போன் செய்த வேலை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பருவமாற்றத்தின்போது உடல் கடிகாரம் இப்படி நகர்வதைக் குரங்குகளிலும், எலிகளிலும், டேகு என்ற தென்னமெரிக்கக் கொறிவிலங்கிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் இந்த நகர்வு எந்த வயதில் நிற்கிறது என்பதை ஜெர்மனியின் டில் ரோனபெர்க்கும் குழுவினரும் 2004இல் வெளியிட்டார்கள். பெரும் எண்ணிக்கையிலான ஆட்களிடம், விடுமுறை நாட்களில் எப்போது தூங்கி எப்போது எழுகிறீர்கள் என்று கேட்டுத் தொகுத்ததில் ஒரு அழகான வளைவு கிடைத்தது. சிறுவயதிலிருந்து பிந்திக்கொண்டே போகிற தூக்க நேரம், பெண்களுக்கு சுமார் 19½ வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 21 வயதிலும் உச்சம் தொட்டுத் திரும்புகிறது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு முந்திக்கொண்டே வருகிறது. பதின்பருவம் எப்போது முடிகிறது என்று உடலைக் கேட்டால் அது தரும் பதில் இந்தத் திருப்பமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இந்த வளைவை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் பல சண்டைகளுக்கு விளக்கம் கிடைக்கிறது. அம்மாவுக்கு 45 வயது, மகனுக்கு 17. அவர் கடிகாரம் முந்திப் போய்க்கொண்டிருக்கிறது, அவன் கடிகாரம் பிந்திப் போய்க்கொண்டிருக்கிறது. அலாரம் இல்லாமல் நாலரைக்குக் கண் விழிக்கிற தாத்தாவுக்கோ ஐந்தரைக்கு எழுந்திருக்க முடியாதவனைப் பார்த்தால் புரியவே புரியாது. ‘அதிகாலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும்’ என்று அவர் சொல்வது பொய்யில்லை. அவருடைய மண்டைக்கு அது உண்மை. சில பிள்ளைகளுக்கும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் ஒரே வயதுக்குள்ளும் சேவல்களும் ஆந்தைகளும் உண்டு. இயல்பாகவே விடியலில் எழுகிற பிள்ளையை இரவு உட்கார்ந்து படிக்கச் சொல்வதும் அதே தவறுதான்.

இயற்கை ஏன் இப்படி வைத்தது என்பதற்கு உறுதியான பதில் இல்லை. ஒரு சுவையான ஊகம் இருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களிடையே டேவிட் சாம்சனும் சகாக்களும் 33 பெரியவர்களின் கையில் அசைவுமானியைக் கட்டி இருபது நாள் கவனித்தார்கள். அத்தனை இரவுகளிலும் 33 பேரும் ஒரே சமயத்தில் தூங்கியது மொத்தமே 18 நிமிடம்தான். வயதுக்கொரு தூக்க நேரம் இருப்பதால், யாராவது ஒருவர் கிட்டத்தட்ட எப்போதும் விழித்திருக்கிறார். சிங்கமும் கழுதைப்புலியும் திரியும் வெளியில் இரவெல்லாம் காவல் இல்லாமல் ஒரு கூட்டம் பிழைக்க முடியாது. முன்னிரவுக் காவல் இளசுகளுக்கு, பின்னிரவுக் காவல் கிழவர்களுக்கு என்று அமைந்திருக்கலாம்.

செல்போனை விட்டுவிடவும் முடியாது. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட அவை நீல நிற ஒளிக்கு நன்றாக மசிந்து, கடிகாரத்துக்கு ‘இன்னும் பகல்தான்’ என்று தகவல் அனுப்பும். பருவமாற்றத்தின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வெளிச்சத்தின் பாதிப்பு இன்னும் கூடுதல். 2015இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக் குழு ஒன்று 12 இளைஞர்களைச் சில இரவுகள் காகிதப் புத்தகமும் சில இரவுகள் ஒளிரும் திரையில் புத்தகமும் படிக்க வைத்தது. திரையில் படித்தபோது மெலட்டோனின் ஏறும் நேரம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆனால் அவர்கள் தூங்க எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் பத்து நிமிடம்தான். அதிலும் அவர்கள் நாலு மணி நேரம் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் படித்தார்கள். இதை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், நீல வெளிச்சத்தை வடிகட்டும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நம்புகிற பெற்றோர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திரையின் வெளிச்சத்தைவிடத் திரையில் நடப்பதுதான் அதிகம் பிடித்து வைக்கிறது. முடியாமல் நீளும் ரீல்ஸ், பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்ளும் நண்பர்கள், இன்னும் ஒரே ஒரு ஆட்டம். பிந்திய கடிகாரம் ஏற்கெனவே பிள்ளையைப் பதினொரு மணி வரை விழிக்க வைக்கிறது. கையில் இருக்கும் போன் அதைப் பன்னிரண்டரை ஆக்குகிறது. முதல் பங்கு உடலுடையது, இரண்டாவது பங்கு போனுடையது.

இப்படிக் குறையும் தூக்கத்தால் இந்த வயதில் எதை இழக்கிறோம்?

பருவமாற்றமே தூக்கத்தில்தான் தொடங்குகிறது. சினைப்பை, விந்தகம் ஆகியவற்றைத் தூண்டும் எல்எச் ஹார்மோன், பருவமாற்றத்தின் தொடக்கத்தில் பகலில் அடங்கியும் தூங்கும்போது அலையலையாகவும் சுரக்கிறது என்பது 1972இலேயே தெரிந்துவிட்டது. வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலையும் முன்னிரவின் ஆழ்தூக்கத்தோடு ஒட்டி வருகிறது. (தூக்கம் குறைந்தால் உயரம் வளராது என்று பயமுறுத்துகிறவர்கள் சற்று மிகைப்படுத்துகிறார்கள். தூக்கம் பற்றாதபோது உடல் முதலில் ஆழ்தூக்கத்தைத்தான் காப்பாற்றிக்கொள்ளும்.)

மூளையில் நடப்பதோ இன்னும் பெரிய வேலை. குழந்தைப் பருவத்தில் நரம்புச் செல்களுக்கிடையே தேவைக்கு மேல் இணைப்புகள் உண்டாகின்றன. பதின்பருவத்தில் பயன்படாதவை கழிக்கப்பட்டுப் பயன்படுபவை வலுப்பெறுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையில் இந்தக் கழிப்பு இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. முடிவெடுப்பது, ஆசையை ஒத்திவைப்பது, விளைவை யோசிப்பது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. ஆழ்தூக்கத்தின் மெதுவான மின்னலைகள் பதினொரு வயதிலிருந்து பதினாறு, பதினேழு வயதுக்குள் பாதிக்கும் மேல் வலுக் குறைகின்றன. இணைப்புகள் கழிவதன் வெளி அடையாளம் இது என்று அர்வின் ஃபைன்பெர்க் 1980களின் தொடக்கத்திலேயே ஊகித்தார். இளம் எலிகளின் மூளையை நுண்ணோக்கியால் பார்த்தவர்கள், தேவையற்ற இணைப்புகள் விழித்திருக்கும்போதைவிடத் தூங்கும்போது அதிகம் அகற்றப்படுவதைக் கண்டிருக்கிறார்கள். மனிதப் பிள்ளைகளின் மூளையை அப்படித் திறந்து பார்க்க முடியாது என்பதால் இது முழுதாக நிறுவப்பட்டதல்ல. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகள் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

படித்தது மனதில் நிற்பதும் இரவு வேலைதான். பகலில் ஹிப்போகேம்பஸ் அவசரமாகக் குறித்து வைத்தவற்றை ஆழ்தூக்கத்தில் மூளை மறுபடி ஓட்டிப் பார்த்து, மேல்மூளையின் நிரந்தர இடங்களில் சேர்க்கிறது. கனவுகள் மிகுந்த ரெம் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளமாக வரும். உணர்ச்சிகளை ஆற்றிப் பதம் செய்வதில் அதற்குப் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள். ஏழு மணிக்கு எழ வேண்டிய பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்த ரெம் தூக்கம். ஒரு இரவு முழுக்கத் தூங்காத இளைஞர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா, தூங்கியவர்களிடம் இருப்பதைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கிப் பிடிக்கும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. பதின்பருவத்தில் அந்தப் பிடி ஏற்கெனவே பக்குவப்பட்டு முடியாதது. ‘எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுகிறான்’ என்று சொல்லும் பெற்றோர் அவன் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தூக்கம் பற்றாத பிள்ளை வகுப்பில் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கும் என்பதை கார்ஸ்கடன் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பில் 8.25க்குப் பள்ளி போய்க்கொண்டிருந்த பிள்ளைகள், பத்தாம் வகுப்பில் 7.20க்குப் போக வேண்டியதாயிற்று. முன்னதாக எழுந்தார்களே தவிர, முன்னதாகத் தூங்கவில்லை. காலை எட்டரை மணிக்கு, வழக்கமாக வகுப்பில் இருக்க வேண்டிய நேரத்தில், இருட்டறையில் படுக்கச் சொன்னபோது பலரும் சில நிமிடங்களில் தூங்கிப் போனார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் நேராக ரெம் தூக்கத்துக்குள் விழுந்தார்கள். இயல்பான தூக்கத்தில் ரெம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நேரே அதற்குள் போவது நார்கோலெப்சி என்ற தூக்க நோயாளிகளிடம் காணப்படுவது. இந்தப் பிள்ளைகளுக்கு நோய் எதுவும் இல்லை. அவர்கள் உடலின் கணக்கில் அது இன்னும் பின்னிரவு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு அமெரிக்காவில் சில ஊர்கள் பள்ளி நேரத்தை மாற்றின. மினசோட்டா மாநிலத்தின் எடைனா 1996இல் 7.20 மணிப் பள்ளியை 8.30க்குத் தள்ளியது. கென்டக்கியில் ஒரு கவுண்டி 1998இல் தள்ளியபோது, அடுத்த இரண்டாண்டுகளில் அங்கே பதின்பருவத்தினர் ஓட்டிய கார்களின் விபத்து விகிதம் 16.5 சதவீதம் குறைந்தது. மாநிலத்தின் மற்ற இடங்களில் அதே காலத்தில் கூடியது. நேரத்தைத் தள்ளினால் பிள்ளைகள் அதற்கேற்ப இன்னும் பிந்திப் படுப்பார்கள் என்ற வாதத்துக்கு சியாட்டில் பதில் சொன்னது. 2016இல் 7.50லிருந்து 8.45க்கு மாறிய பிறகு, கையில் கட்டிய கருவிகளின்படி பிள்ளைகள் தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கலிபோர்னியா 2019இல் சட்டமே போட்டுவிட்டது. 2022லிருந்து அங்கே உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது.

தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் நிலைமை இன்னும் கடினம். அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். பள்ளிகளோ ஏழரைக்குத் தொடங்கிவிடும். பிள்ளைகள் இருட்டில் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். 2016 ஜூலையில் நான்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தொடக்க நேரத்தை 7.30லிருந்து 8.15 ஆக்கியது. டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு மாதம் கழித்து அளந்தபோது படுக்கையில் இருக்கும் நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் பலன் கரைந்துபோய்விடவில்லை. போட்டித் தேர்வும் டியூஷனும் உச்சத்தில் இருக்கிற ஒரு ஆசிய நகரத்தில் இது நடந்தது என்பது எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது.

இந்தியாவில் இந்தப் பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதுவும் தலைகீழாக. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி யு.யு. லலித், பிள்ளைகள் ஏழு மணிக்குப் பள்ளி போக முடியும்போது நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் ஏன் ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கக் கூடாது என்று கேட்டார். நீதிமன்றத்துக்கு அது நல்ல கேள்வி. பிள்ளைகள் ஏழு மணிக்குப் போகத்தான் வேண்டுமா என்பதை யாரும் அப்போது கேட்கவில்லை. மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் நான்காம் வகுப்பு வரை ஒன்பது மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நோக்கம் நல்லது, ஆனால் வயதுதான் மாறிப்போயிற்று. ஆறு வயதுக் குழந்தை எட்டரைக்குத் தூங்கி ஆறு மணிக்குத் தானாகவே எழுந்துவிடும். சலுகை தேவைப்படுவது பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும். நேர்மாறாக, வகுப்பு ஏற ஏற நாம் முன்னால் இழுத்துக்கொண்டே போகிறோம்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் தொடங்குகின்றன. கலிபோர்னியா சட்டத்தைவிட நல்ல நேரம். ஆக, இங்கே தூக்கத்தைத் தின்பது பள்ளி மணி அல்ல, அதன் இரு பக்கமும் ஒட்டவைத்த வேலைகள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் நாளைப் பாருங்கள். 5.45க்குத் தெருமுனையில் வேன். வேனுக்குள் விளக்கில்லை, யாரும் பேசுவதில்லை. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தும், மடியில் வைத்த பையின் மேல் கவிழ்ந்தும் முழு வண்டியும் தூங்கிக்கொண்டு போகும். ஆறேகாலுக்கு டியூஷன் சென்டரில் இயற்பியல். எட்டரைக்குப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். மாலை ஐந்தரை வரை பள்ளி, அதன் பிறகு கணக்கு டியூஷன், எட்டரைக்கு வீடு, சாப்பாடு, ரெக்கார்டு எழுதுவது, நாளைய டெஸ்ட். பதினொன்றரைக்குத்தான் அந்த நாளின் முதல் சொந்த நேரம் அவனுக்குக் கிடைக்கிறது, அப்போது கை போனைத் தேடுகிறது. அந்த அரைமணி நேரத்தைத்தான் நாம் எல்லோரும் பார்க்கிறோம், திட்டுகிறோம். முந்தைய பதினேழு மணி நேரத்தைப் போட்டுத் தந்தது யார் என்று கேட்பதில்லை.

பெண் பிள்ளைகளின் கணக்கில் இன்னும் ஒரு துண்டு விழும். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் தெருக்களில் குடம் வைக்க எழுப்பப்படுவது பெரும்பாலும் மகள்தான். அடுப்படியில் அம்மாவுக்குக் கூடமாட நிற்பதும் அவள்தான். வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. தூக்கம் வர உடலின் உட்சூடு சற்று இறங்க வேண்டும். தகரக் கூரையும் பகலெல்லாம் காய்ந்த தளமும் நள்ளிரவு வரை அனல் கக்கும் ஒரே அறை வீட்டில் அது இறங்காது. டிவி அணைந்து, பெரியவர்கள் பேசி ஓய்ந்த பிறகுதான் படிக்கிற பிள்ளைக்கும் படுக்கை. இந்தியா முழுக்க ஒரே நேரம் பின்பற்றப்படுவதால் மேற்கு மாவட்டங்களில் சூரியன் தாமதமாக மறைகிறது. அங்கே பிள்ளைகள் பிந்திப் படுத்து, அதே பள்ளி நேரத்துக்கு எழுந்து, குறைவாகத் தூங்குகிறார்கள் என்று பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி கண்டார். பாதிப்பு ஏழை வீடுகளில் கூடுதல். தூக்கத்துக்கும் வசதி வேண்டியிருக்கிறது.

ஹாஸ்டலோடு கூடிய பயிற்சிப் பள்ளிகளின் கால அட்டவணைதான் என்னை மிகவும் வருத்துவது. காலை 4.30 மணிக்கு மணி, ஐந்துக்கு ஸ்டடி, இரவு 11க்கு விளக்கணைப்பு என்பது அங்கே பெருமையோடு சொல்லப்படும் ஒழுங்கு. படுக்கையில் ஐந்தரை மணி நேரம். சிங்கப்பூரில் அதே டியூக்-என்யூஎஸ் குழுவினர் 15 முதல் 19 வயதுள்ள 56 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு ஏழு இரவுகள் ஒன்பது மணி நேரப் படுக்கை, மறு பாதிக்கு ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரக்காரர்களின் கவனம், நினைவில் வைத்து வேலை செய்யும் திறன், மனநிலை எல்லாம் நாளுக்கு நாள் சரிந்தன. பிறகு இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் தூங்க விட்டும் கவனம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கிச் சரிக்கட்டலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஆய்வுக்காக என்றால் இப்படி ஏழு இரவுகள் நடத்தவே நன்னெறிக் குழுவின் அனுமதி வேண்டும். நாம் இதை இரண்டு ஆண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறோம். அதுவும் எந்தத் தேர்வுக்கு? பிளஸ் டூ பொதுத்தேர்வு காலை பத்து மணிக்கு. நீட் பிற்பகல் இரண்டு மணிக்கு. விடிகாலை ஐந்து மணிக்கு எழுதும் தேர்வு எதுவும் இல்லை.

வீட்டில் செய்ய முடிந்தவை சில உண்டு. காலையில் எழுந்ததும் கால்மணி நேரமாவது வெயிலில் நடப்பது கடிகாரத்தை முன்னால் இழுக்கும். இருட்டறையில் விளக்கைப் போட்டுப் படிப்பதற்கு அந்த வலு இல்லை. விடுமுறையில் பதினொரு மணி வரை தூங்கினால் கடிகாரம் இன்னும் பிந்தி, திங்கட்கிழமை காலை நரகமாகும். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட்டு எழுப்பிவிடலாம். காபியும் டீயும் அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி உடலில் இருக்கும் என்பதால் சாயங்காலத்தோடு நிறுத்துவது நல்லது. பள்ளி விட்டு வந்ததும் இருபது நிமிடக் குட்டித் தூக்கத்தைச் சோம்பல் என்று பார்க்க வேண்டாம். போன் இரவில் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், அப்பா அம்மாவின் போனும் சேர்த்து.

ஆனால் பெரிய மாற்றம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஸ்பெஷல் கிளாஸைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்ற ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்து போதும். டியூஷன் சென்டர்கள் ஆறு மணி வகுப்பை நடத்துவது பெற்றோர் கேட்பதால்தான். நீட் மாதிரித் தேர்வை அசல் தேர்வு நடக்கும் இரண்டு மணிக்கே வைக்கலாம். ஹாஸ்டலில் மணி ஆறரைக்கு அடித்தால் பாடத்திட்டம் முடியாமல் போய்விடாது. ஐந்து மணி ஸ்டடியில் புத்தகத்தின் மேல் தலை கவிழ்ந்து கிடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வார்டனே சொல்வார். பணம் கட்டும் முன் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் கேட்கிறோம், மெடிக்கல் சீட்டு எத்தனை என்று கேட்கிறோம். விளக்கணைப்பது எத்தனை மணிக்கு, மணி அடிப்பது எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். நடுவில் எட்டு மணி நேரம் இல்லையென்றால் பிள்ளையை அங்கே விடாதீர்கள்.